ஒரு மடிக்கணினியும் மூன்று பொய்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் உறவு வீடொன்றில் சென்ற மாதம் இஷாவிற்குப் பின் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். அவ்வீட்டின் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஊரடங்குக் காலத்தில் வகுப்புகளெல்லாம் திரைக்கு மாறியபோது, சவூதியில் ஓட்டுநராக இருக்கும் அவனுடைய வாப்பா பணம் அனுப்பி ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். அது இப்போது போதவில்லை என்றான் மகன். "கிராபிக்ஸை அப்கிரேட் செய்ய வேண்டும் உம்மா, படிப்புக்கு இது தாங்கவில்லை" என்பது அவன் சொன்ன காரணம். கடையில் விசாரித்தும் வந்திருந்தான். தொண்ணூறாயிரம் ரூபாய், மாதம் பத்தாயிரமாக ஒன்பது தவணைகள், வட்டி ஒரு பைசாவும் இல்லை என்று கடைக்காரர் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய உம்மா ஒன்றும் பேசவில்லை. வெளிநாட்டில் உழைப்பவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம் என்று எண்ணினாரோ என்னவோ, கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அடகு வைத்துக் கட்டிக்கொள், வாப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

நாம் அங்கே விருந்தினராக அமர்ந்திருந்தோம். அவ்வளையல்களைக் கண்டதும் அப்பிள்ளையின் முகம் கறுத்ததையும் கண்டோம்.

அன்றிரவு அவ்வீட்டில் மூன்று சொற்கள் உலவின. அப்கிரேட், படிப்பு, வட்டியில்லாத் தவணை. மூன்றும் பொய். இதை நாம் அவ்வீட்டாரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. இதே மூன்று சொற்கள் இன்று நம் மஹல்லாக்களில் எத்தனையோ வீடுகளில் ஒன்றாகவே நுழைகின்றன. அவற்றைத் தனித்தனியே நிறுத்திக் கேள்வி கேட்பார் இல்லை.

முதற்சொல் பெரும்பாலும் அறியாமையால் வருவது. மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை தனியாக இருக்கும். திருகைக் கழற்றி, பழையதை உருவி, புதியதைச் செருகலாம். அதை அப்கிரேட் என்றழைப்பதில் பிழையில்லை. விளையாட்டு மடிக்கணினியின் அமைப்பு அவ்வாறன்று. அதன் வரைகலைச் சில்லு மதர்போர்டின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய நினைவகமும் அருகிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் வழங்கும் பகுதி, வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்கள், விசிறி ஆகிய யாவும் அந்த ஒரு சில்லின் அளவுக்கும் சூட்டுக்கும் ஏற்ப வார்க்கப்பட்டவை. கழற்றி மாட்டத்தக்க அட்டைகள் முன்பு சில மடிக்கணினிகளில் இருந்தன. இன்று அவை ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஃபிரேம்வொர்க் என்னும் நிறுவனம் மட்டும் தன் 16 அங்குல மடிக்கணினியில் வரைகலைப் பகுதியைக் கழற்றி மாற்றும்படி அமைத்து, 2025-இல் அதற்குப் புதிய பகுதியொன்றையும் அறிவித்தது. ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுவன்று.

வெளியே ஒரு பெட்டி வைத்து, அதில் மேசைக் கணினியின் அட்டையைப் பொருத்தி, கம்பி வழியே இணைக்கலாமே என்று சில இளைஞர்கள் கேட்பர். இணைக்கலாம், அதற்குத் தண்டர்போல்ட் அல்லது அதற்கு நிகரான துளை மடிக்கணினியில் இருந்தால். குறைந்த விலை விளையாட்டு மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. இருந்தாலும், மேசைக் கணினியில் 16 தடங்கள் வழியே பாயும் தரவு இங்கே 4 தடங்களில் நெருக்கியடித்துச் செல்லும். அட்டையின் முழு ஆற்றலும் கைக்கு வராது. பெட்டி, மின்வழங்கி, அட்டை ஆகிய மூன்றின் விலையையும் கூட்டினால் ஒரு மேசைக் கணினியின் பெரும்பகுதி வந்துவிடும். பழுது பார்க்கும் கடைகள் சிலவற்றில், பழைய சில்லைச் சூடேற்றி எடுத்துவிட்டு உயர்ந்த சில்லை ஒட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பொருளைக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தை ஸதக்காவாகக் கொடுத்துவிடலாம், கூலியாவது கிடைக்கும்.

ஆக, மடிக்கணினியில் கிராபிக்ஸை அப்கிரேட் செய்வது என்றால் புதிய மடிக்கணினி வாங்குவது என்றே பொருள். இந்த உண்மையை உம்மாவிடமும் வாப்பாவிடமும் முதலில் சொல்லிவிட வேண்டும். "ஒரு பாகத்தை மாற்றப்போகிறேன்" என்பதும் "தொண்ணூறாயிரத்திற்கு இன்னொன்று வாங்கப்போகிறேன்" என்பதும் ஒன்றாகுமா?

புதியதை வாங்கும்போதும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. ஆர்டிஎக்ஸ் 4060 என்று இரு மடிக்கணினிகளின் மேல் ஒட்டியிருக்கும். ஒன்றில் அச்சில்லுக்கு 115 வாட் வரை மின்சாரம் கிடைக்கும். மற்றொன்றில் அதில் பாதியும் கிடைக்காது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடா. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி நினைவகம். அதே பெயருடைய மடிக்கணினிச் சில்லில் 16 ஜிபிதான், சில்லே வேறு. பெயர் ஒன்று, பண்டம் வேறு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றி ஓதுகின்ற நாம், பெட்டியின் மேல் வாட் அளவை அச்சிடாத வியாபாரத்தைக் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இரண்டாம் சொல்லுக்கு வருவோம். படிப்பு.

நாம் அப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டோம். என்ன படிப்பு, எந்த மென்பொருள், எங்கே தாங்கவில்லை? செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்று இருக்கிறது, அதற்கு என்விடியா சில்லு தேவை என்றான். உண்மைதான். ஆனால் கூகுளின் கோலாப் தளத்தில் டி4 என்னும் வரைகலைச் சில்லை மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் நினைவகம் 16 ஜிபி. நேர வரம்பு உண்டு, சில வேளைகளில் காத்திருக்கவும் நேரும். ஆயினும் தொண்ணூறாயிரம் கொடுத்து அவன் வாங்க நினைத்த மடிக்கணினியில் இருப்பதோ 8 ஜிபி. இதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். "கல்லூரியில் அதில்தான் செய்கிறோம்" என்றான்.

படிப்புக்கு உயர்ந்த வரைகலை தேவைப்படவே படாது என்று நாம் சொல்லவில்லை. கட்டடக்கலை பயிலும் பிள்ளை லூமியன் போன்ற மென்பொருளில் ஒரு வீட்டின் தோற்றத்தை உருவாக்க வேண்டுமானால் பழைய சில்லு உண்மையாகவே திணறும். அசைபடம் பயிலும் பிள்ளைக்கும் அவ்வாறே. அத்தகைய பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதைச் செலவென்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் கணினிப் பொறியியல், வணிகவியல், பி.எஸ்ஸி. பயிலும் பெரும்பாலான நம் பிள்ளைகள் "படிப்புக்காக" என்று சொல்லும்போது அவர்களின் மனத்தில் இருப்பது வேறு. இந்தப் பிள்ளையின் மடிக்கணினியில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650. 2024 டிசம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு, ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் தனி வன்பொருள் கட்டாயம். அது 1650-இல் இல்லை. அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் அந்த விளையாட்டு இந்தச் சில்லுக்கு உரியதன்று. நண்பர்கள் விளையாடுகிறார்கள், இவனால் முடியவில்லை. அவ்வளவுதான் செய்தி.

இதைச் சொல்வதற்கு ஏன் அஞ்சினான்? இங்கேதான் நாம் பெற்றோரை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் "விளையாட" என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஹராம் என்னும் தீர்ப்பு வந்துவிடுகிறது. எந்த விளையாட்டு, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வியும் இல்லை. தீர்ப்புச் சொல்கின்ற மாமாவின் கையில் ஆண்டுக்கு ஒருமுறை மாறும் கைப்பேசி இருக்கும். அதில் ஃபஜ்ருக்குப் பின்னிருந்து சிறு காணொளிகள் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளோடு விளையாடியதை அவர்களுக்குக் காண்பித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ள செய்திகள். இவற்றைக் கொண்டு எல்லாக் கணினி விளையாட்டையும் ஹலாலாக்க நாம் வரவில்லை. ஆபாசம் உள்ளவை உண்டு, சூதாட்டத்தை ஒத்தவை உண்டு, தொழுகையை விழுங்குபவை உண்டு. உண்மையில், விளையாட்டுக்குள்ளே என்ன வருமென்று தெரியாமல் பணம் கட்டித் திறக்கின்ற பெட்டிகளைத்தான் பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டும். பெல்ஜியம் 2018-இல் அவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நம் வீடுகளில் அவற்றின் பெயர்கூடத் தெரியாது. திரையில் துப்பாக்கி தெரிந்தால் கூச்சலிடுகிறோம், கைப்பேசியிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் போவது கண்ணில் படுவதில்லை.

ஆய்ந்து சொல்லும் தடையைப் பிள்ளை மதிப்பான். ஆயாமல் சொல்லும் தடைக்கு அவன் பொய்யால் பதிலளிக்கக் கற்றுக்கொள்கிறான். புகாரியின் முதல் ஹதீஸே எண்ணத்தைப் பற்றியது என்று மதரஸாவில் மனனம் செய்த பிள்ளை, எண்ணத்தை மறைத்தால்தான் காரியம் நடக்கும் என்று வீட்டில் பயில்கிறான். விளையாட்டில் இருக்கும் தீமையைவிட இது பெரிதில்லையா?

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். வீட்டின் கடுமை உங்கள் பொய்க்குச் சாக்காகலாம், நியாயமாகாது. படிப்பு என்னும் சொல்லை நம்பித்தான் உங்கள் உம்மா வளையலைக் கழற்றுகிறார். விளையாட்டென்று தெரிந்திருந்தால் கழற்றியிருப்பாரா? இல்லையென்பது உங்களுக்கே தெரியும். அறிந்தே அவ்வளையலை வாங்குவதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் சொல்தான் நம்மை இதை எழுத வைத்தது. வட்டியில்லாத் தவணை.

அப்பிள்ளை கொண்டுவந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000, ஒன்பது மாதம், மொத்தம் 90,000. பொருளின் விலையும் 90,000. எங்கே வட்டி என்று தோன்றும். வங்கி ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி விதிப்பதாகக் கொள்வோம். அப்போது வங்கி தரும் கடன் 90,000 அன்று, ஏறத்தாழ 84,600தான். எஞ்சிய 5,400 ரூபாயை விற்பவர் தள்ளுபடி என்னும் பெயரில் கழித்துக்கொள்கிறார். வங்கி அந்த 84,600-க்கு வட்டி கணக்கிட்டு, ஒன்பது மாதத்தில் அதே 5,400 ரூபாயை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கூட்டினால் 90,000. வட்டி இருக்கிறது, அதன் முன்னே ஒரு தள்ளுபடியை நிறுத்தி மறைத்திருக்கிறார்கள். மாத அறிக்கையை எடுத்துப் பாருங்கள், அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி என்று அச்சாகியிருக்கும். அதோடும் முடிவதில்லை. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. இந்தக் கணக்கில் ஏறத்தாழ 970 ரூபாய். இல்லாத வட்டிக்கு அரசு எப்படி வரி வாங்கும்?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. சுழிய விழுக்காட்டு வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை, அதில் வட்டி மறைக்கப்படுகிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வட்டியை ஹலால் என்று கருதுகிற ஓர் அமைப்பு, இது வட்டிதான் என்கிறது. வட்டியை ஹராம் என்று நம்புகின்ற நாம், இது வட்டியில்லை என்று சொல்லிக்கொண்டு கையெழுத்திடுகிறோம்.

"என் கையிலிருந்து கூடுதலாகப் போகவில்லையே" என்பார் சிலர். ஜிஎஸ்டி போகிறது, பல வேளைகளில் நடைமுறைக் கட்டணமும் போகிறது. அதை விடுவோம். நீங்கள் கையெழுத்திடுவது விற்பவரோடு செய்யும் விலை ஒப்பந்தத்தில் அன்று. வங்கியோடு செய்யும் வட்டிக்கடன் ஒப்பந்தத்தில். ஒரு தவணை தவறினால் அதன்மேல் அபராதமும் ஏறும். விற்பவரே பொருளைத் தந்து, விலை இவ்வளவு என்று முன்பே முடிவு செய்து, அதை மாதந்தோறும் பிரித்து வாங்கிக்கொள்வது வேறு. ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும் அதைப் பெரும்பான்மையான அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ஊரில் நமக்குத் தெரிந்த கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பது அவ்வகை. இரண்டுக்கும் தவணை என்றே பெயரிருப்பதால் ஒன்றாகிவிடா. ஐயமுள்ளோர் கடைக்காரரிடம் தீர்ப்புக் கேட்காமல், அந்த ஒப்பந்தத் தாளோடு தம் ஊர் ஆலிமிடம் செல்லட்டும்.

வளையலை அடகு வைப்பதும் அவ்வாறே. வங்கியிலோ அடகுக் கடையிலோ நகைக்கடன் என்பது வட்டிக்கடன்தான். மகனின் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் அடகு வைத்துப் பழகிய கை, விளையாட்டுக் கருவிக்கும் தயங்காமல் கழற்றுகிறது. பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்குமே என்று ஒருவர் நம்மிடம் சொன்னார். கிடைக்கும், அது மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் வரிசையில் நிற்பவரின் பணம். அந்த வரிசையில் ஒளிக்கதிர் வரைகலைக்காகப் போய் நிற்பதற்கு வெட்கம் வேண்டும்.

சரி, பழைய கருவியை என்ன செய்வது? அன்றிரவே அதைத் திறந்து பார்த்தோம். விசிறியின் வழியில் ஐந்தாண்டுத் தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. "தாங்கவில்லை" என்று அவன் சொன்னதில் பாதி இதுதான். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றச் சில நூறு ரூபாய்தான் செலவு. ரேம் ஒரே பட்டையாக 8 ஜிபி இருந்தது. அருகிலேயே இன்னொரு துளை காலியாக இருந்தது. அதில் இன்னொரு 8 ஜிபி போட்டால் நினைவகம் இரட்டிப்பாவதோடு இரண்டு வழிகளில் தரவு பாயும். விளையாட்டில் படம் திக்கித் திக்கி நிற்பது பெருமளவு குறையும். மின்கம்பியைச் செருகி வைத்துத்தான் விளையாட வேண்டும், பேட்டரியில் ஓடும்போது வரைகலைச் சில்லுக்கு மின்சாரம் குறைக்கப்படும். விளையாட்டின் அமைப்புகளில் மேற்பரப்புத் தரத்தை 4 ஜிபிக்குள் அடங்கும்படி குறைத்து, எஃப்எஸ்ஆர் என்னும் வசதியைத் திறந்துவிட்டால் பழைய சில்லிலும் எத்தனையோ விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். புதியவை சில ஓடா. அது ஓர் இழப்புதான், அதை மறுக்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், தன் உழைப்பில் சேர்த்த ரொக்கத்தில், வீட்டுக் கடமைகள் எதுவும் நிலுவையில் இல்லாத நிலையில், விளையாடத்தான் வாங்குகிறேன் என்று சொல்லி ஒருவன் வாங்கினால் அவனை விரயக்காரன் என்று ஏச நாம் வரமாட்டோம். ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் வீண்செலவையும் கஞ்சத்தனத்தையும் ஒருசேரத்தான் விலக்குகிறது. அவ்வாறு வாங்குபவர் பழையதை விற்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். சூடேறி அணைந்துபோகும் மடிக்கணினியை "ஒரு குறையும் இல்லை" என்று எழுதி விற்பது, ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியின் வேலை. அவரை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் வைத்துக் கண்டித்த செய்தி நம் எல்லோருக்கும் தெரியும்.

அவ்வீட்டில் வளையல்கள் மறுநாள் காலை உம்மாவின் கைக்கே திரும்பின. தூசி துடைத்தாயிற்று, ரேம் பட்டையும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை வாப்பா அழைத்தபோது மகன் தானே கைப்பேசியை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனான். என்ன சொன்னான் என்று நாம் கேட்கவில்லை. திரும்பி வந்தவன், படிப்பு முடியும்வரை பழையதே போதும் என்றும், முதல் சம்பளத்தில் அவன் பாதி போட்டால் மீதிப் பாதியை ரொக்கமாகத் தருவதாக வாப்பா ஒப்புக்கொண்டார் என்றும் உம்மாவிடம் சொன்னான். கூடவே, அது என்ன விளையாட்டு, ஊருக்கு வரும்போது எனக்கும் காட்டு என்று அவர் கேட்டாராம்.

வஸ்ஸலாம்.